மொட்டை மாடியில் வைத்த குறி

எங்கள் அப்பா தினசரி நாட்காட்டியின் தாளைக் கிழித்தால் எறியமாட்டார். பின்பக்கத்தில் அன்றைய சங்கதிகளை நாலைந்து வரியில் எழுதி ஒரு கம்பியில் குத்தி வைப்பார். மழை உண்டா இல்லையா, பால் எத்தனை மணிக்கு வந்தது, வீட்டுக்கு யார் வந்தார்கள், எதற்கு வந்ததாகச் சொன்னார்கள், உண்மையில் எதற்கு வந்திருப்பார்கள். கடைசி இரண்டையும் தனித்தனி வரிகளாகவே எழுதுவார். அந்தக் கம்பிக் கட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. கீழே வரும் தேதிகளெல்லாம் அதிலிருந்து எடுத்தவை. என் நினைவும் தாளும் ஒத்துப்போகாத இடங்களில் தாளையே நம்பியிருக்கிறேன், ஓரிடத்தைத் தவிர.

எங்கள் ஊர் குடவாசலுக்குத் தெற்கே. அம்மா பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எனக்கு ஒன்பது வயதாகும்போது அம்மாவுக்குத் தஞ்சாவூருக்கு மாற்றல் வந்தது. வைகாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பீரோக்களையும் ஒரு கிரைண்டரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அப்பாவுக்கு நிலத்தைத் தவிர வேறு உத்தியோகம் கிடையாது. பெரிய மிராசெல்லாம் இல்லை. பாகம் பிரிந்து பிரிந்து நாலு ஏக்கருக்கு வந்து நின்றிருந்தது. ஆனாலும் ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தஞ்சாவூரிலும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, ஆனால் அதன் காரணம் வேறு. அங்கே அவர் 'டீச்சர் வீட்டுக்காரர்'. செவ்வாயும் சனியும் பஸ் ஏறி ஊருக்குப் போய் வயலைப் பார்த்துவிட்டு வருவார். மற்ற ஐந்து நாளும் தஞ்சாவூரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்த்த எதுவும் அவருக்குச் சரியாகப் படவில்லை. பாக்கெட் பாலைக் காய்ச்சி, ஏடு படியும்வரை அடுப்படியிலேயே நின்று, "இது பாலே இல்ல டீச்சர், பால் மாதிரி ஒண்ணு" என்று தீர்ப்புச் சொல்வார். கதவில் பொருத்தியிருந்த பூதக் கண்ணாடித் துளையை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. யாராவது மணியடித்தால் முதலில் அதன் வழியே பார்ப்பார், பிறகு ஜன்னல் வழியே பார்ப்பார், இரண்டு இடத்திலும் ஒரே ஆள்தான் தெரிகிறார் என்று உறுதியான பின் கதவைத் திறப்பார். கடை அரிசியில் பழைய அரிசியும் புது அரிசியும் கலந்திருப்பதாக ஒரு தட்டில் கொட்டிப் பிரித்துக் காட்டினார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. ஆனாலும் "ஆமாம்ப்பா" என்றேன். சந்தேகப்படுவது பட்டணத்தில் செய்யவேண்டிய காரியம் என்று நான் புரிந்துகொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் என் பென்சில் பெட்டியைக்கூடத் திறந்து எண்ணிவிட்டுத்தான் ஒன்றுக்குப் போவேன்.

முதல் வீட்டில் ஐந்து மாதம்கூட இருக்கவில்லை. அங்கே கீழ்வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியின் திருகை எங்கள் முறையில் மூடிவிடுவதாக அப்பா முடிவுகட்டினார். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சி வளர்ந்த மனுஷன். பக்கத்து வயல்காரன் மடையைத் திறக்காமல் இருப்பான் என்று நம்பினால் பயிர் காய்ந்துவிடும். அந்தப் பாடத்தை அப்படியே குழாய்க்கும் கொண்டுவந்தார். பேச்சு முற்றி, ஐப்பசியில் மழையோடு மழையாக வீடு மாறினோம். அன்றைக்கு ஈரத் தலையணைகளை ஆட்டோவில் அடுக்கும்போது அம்மா சொன்னது எனக்குச் சொல் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

"ஏங்க, இதுவரைக்கும் சரி. இன்னொரு வீட்டைக் காலி பண்ற நிலைமை வந்தா, நானும் பாப்பாவும் ஹாஸ்டல் பார்த்துக்குறோம். நீங்க ஊருக்குப் போய் மடையைக் காவல் காத்துக்கிட்டு இருங்க."

அம்மா கோபத்தில் சொன்னால் மறந்துவிடுவாள். இதைக் கோபமில்லாமல் சொன்னாள்.

இரண்டாவது வீடு மருத்துவக் கல்லூரிச் சாலைக்குப் பின்னால் ஒரு நகரில். கீழே வீட்டுக்காரம்மா, கல்யாணத்துக்கு நிற்கும் ஒரே மகளோடு. மாடியில் இரண்டு போர்ஷன், எங்களுடையதும் எதிர்வீடும். எதிர்வீட்டில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவர், அவர் மனைவி. எல்லோருக்கும் அவர் 'காலேஜ் சார்'. சாயங்காலங்களில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் நடந்தபடியே விடைத்தாள் திருத்துவார். எனக்குக் கணக்கில் சந்தேகம் வந்தால் அவரிடம் ஓடுவேன். அப்பாவுக்கு அவர் மேலேயே சந்தேகம் வந்தது. அது வந்த நாள் கார்த்திகை 9 என்று தாள் சொல்கிறது.

அன்று படிக்கட்டில் இருவரும் எதிர்ப்பட்டபோது நானும் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"சாருக்குச் சொந்த ஊரு?"

"திருக்காட்டுப்பள்ளி பக்கம்ங்க."

"அப்படியா! அந்தப் பக்கம் நமக்கு ஆளுங்க உண்டு. ஊருல எந்தத் தெரு?"

காலேஜ் சார் சிரித்தார். "தெருவெல்லாம் இப்ப யாருங்க கேக்குறாங்க? இங்க மூணாவது குறுக்குத் தெரு."

வீட்டுக்கு வந்ததும் அப்பா தாளை எடுத்து எழுதினார். 'தெருவைச் சொல்லவில்லை.' எனக்கும் அது வினோதமாகத்தான் இருந்தது. இத்தனை படித்தவருக்குச் சொந்தத் தெரு மறந்துபோகுமா? எங்கள் தெருவின் பெயரை என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேனே.

தை முடியும்போது ஊரில் சம்பா அறுப்பு முடிந்தது. அந்த வருஷம் அப்பா நெல் முழுவதையும் அங்கேயே விற்றுவிடவில்லை. கடை அரிசியின் மேல் வைத்திருந்த அவநம்பிக்கைக்கு ஒரு முடிவு கட்டும் விதமாக, வீட்டுச் சாப்பாட்டுக்கென்று ஆறு மூட்டையைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். மாசி 2, சனிக்கிழமை. நெல்லில் ஈரம் இருந்தது. அப்படியே மூட்டையில் கிடந்தால் புழுங்கிக் கெட்டுவிடும். நன்றாகக் காயவைத்துக் கட்டினால் ஆடிவரை பூச்சி அண்டாது. அம்மா வீட்டுக்காரம்மாவிடம் போய், இரண்டு மூன்று நாளைக்கு மொட்டை மாடியில் நெல் காயப்போட்டுக்கொள்கிறோம் என்று கேட்டாள். "அதுக்கென்ன டீச்சர், லட்சுமி வர்றா. தாராளமா போடுங்க" என்றார் அந்த அம்மா. அதன் பிறகு ஒன்பது நாளைக்கு அவர் வாயிலிருந்து லட்சுமி வரவில்லை.

மறுநாள் ஞாயிறு. நானும் அப்பாவும் காலால் அளைந்து அளைந்து நெல்லைக் காயவைத்தோம். எனக்குக் காலெல்லாம் நெல்லின் சுணை ஒட்டி அரித்தது. அம்மா வழக்கம்போலத் தேங்காய் எண்ணெயைத் தடவி விட்டாள். வெயில் சாய்ந்ததும் அப்பா நெல்லைக் கூட்டிக் குவித்தார். ஊரிலிருந்து மூட்டையோடு மூட்டையாக ஒரு பிளாஸ்டிக் பையும் வந்திருந்தது. அதில் சாம்பல். தெருமுனையில் படுத்திருந்த மாட்டுக்குப் பின்னால் இருவரும் கால் மணி நேரம் காத்து நின்று சாணியும் கொண்டுவந்தோம். அப்பா சாம்பலை ஒரு துணியில் பொட்டலமாகக் கட்டி, அதைத் தட்டித் தட்டி நெல் குவியலின் இடுப்பைச் சுற்றி ஒரு கோடு போட்டார். நாலு திசையிலும் குறுக்கே இரண்டு கோடும், நடுவில் ஒரு புள்ளியும். உச்சியில் சாணியைப் பிடித்து வைத்து அருகம்புல்லைச் செருகினார். பனி இறங்காமலிருக்கத் துணி காயப்போடும் கம்பிகளில் தார்ப்பாயைக் கூடாரம் போலக் கட்டினார். இனி ஒருவர் உள்ளே குனிந்து ஒரு பிடி நெல்லை எடுத்தால் போதும், மேலிருக்கும் நெல் சரியும், கோடு உடையும். காலையில் கண்டுபிடித்துவிடலாம்.

இது அப்பாவின் கண்டுபிடிப்பு அல்ல. எங்கள் பக்கத்தில் களத்தில் நெல் கிடக்கும் நாளெல்லாம் இப்படித்தான். அந்தக் களம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாயங்காலம் வேலை முடிந்து போகும் பெண்கள், களத்து ஓரத்தில் குடையோடு நிற்கும் அப்பாவின் முன்னால் வந்து, மடியை அவிழ்த்து இரண்டு தடவை உதறி, "சரிங்களா?" என்பார்கள். அப்பா எங்கேயோ பார்த்துக்கொண்டு தலையை ஆட்டுவார். பாவம், அவர்களுக்கும் சுணை அரிக்கிறது என்று நினைப்பேன்.

"யாருகிட்டயும் இது என்னன்னு சொல்லாத ஆயி" என்றார் அப்பா. என்னை ஆயி என்றுதான் கூப்பிடுவார்.

"ஏன்ப்பா?"

"எதுக்குக் குறி வச்சிருக்கோம்னு திருடன்கிட்டயே சொல்லுவாங்களா?"

நியாயம்தான். உலகத்திலேயே எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைக்க எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா மாடிக்கு வரவேயில்லை. அவளுக்கு அரையாண்டுத் தேர்வுத் தாள்களே இன்னும் திருத்தி முடியவில்லை.

மாசி 4, திங்கள். குறி அப்படியே இருந்தது. அப்பாவின் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிந்ததாக எனக்கு நினைவு. தாளில் அது இல்லை.

மாசி 5, செவ்வாய். மேற்குப் பக்கத்தில் கோடு கலைந்திருந்தது. நெல் சரியவில்லை, ஆனால் சாம்பலை யாரோ வழித்திருந்தார்கள். அன்று ஊருக்குப் போகவேண்டிய நாள். அப்பா போகவில்லை. தஞ்சாவூருக்கு வந்த பிறகு அவர் தவறவிட்ட முதல் செவ்வாய் அதுதான்.

"அணிலா இருக்கும்" என்றாள் அம்மா, டிபன் டப்பாவை மூடிக்கொண்டே.

"அணில் விரலால வழிக்குமா டீச்சர்? விரல் தடம் இருக்கு. வந்து பாரு."

"எனக்கு எட்டேகாலுக்கு பஸ்ஸு."

அன்றுமுதல் எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் படிக்கட்டில் கணக்கு நோட்டோடு உட்கார்ந்து, யார் யார் மேலே போகிறார்கள், எத்தனை நிமிஷம் இருக்கிறார்கள் என்று கடைசிப் பக்கத்தில் குறித்து அப்பாவிடம் ஒப்புவிக்க வேண்டும். என் குறிப்புகளில் காலேஜ் சார்தான் அதிகம் வந்தார். ஐந்து நாற்பதுக்கு ஏறினார், ஆறு ஐந்துக்கு இறங்கினார். கையில் விடைத்தாள் கட்டு. அப்பா யோசித்தார். "ஏறும்போது கட்டு எவ்வளவு பருமன், இறங்கும்போது எவ்வளவு பருமன், பார்த்தியா?" நான் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

மாசி 6, புதன். குவியலுக்குப் பக்கத்தில் நாலாக வெட்டிக் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம். அப்பா அதைத் தொடாமல் சுற்றிவந்து பார்த்தார். 'நெல்லுக்கு ஏதோ செய்கிறார்கள்' என்று தாளில் இருக்கிறது. வியாழனன்று மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. கிழக்குப் பக்கக் கோடு முழுவதும் கரைந்து மஞ்சளாக ஓடியிருந்தது. அப்பா வேறு சாம்பல் எடுத்து, முன்னைவிட அகலமாகக் கோடு போட்டார்.

இன்று எல்லாத் தாளையும் வரிசையாக அடுக்கிப் பார்க்கும்போது, அந்த வீட்டின் கீழே என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. திங்கட்கிழமை வீட்டுக்காரம்மாவின் மகளுக்கு ஏறக்குறைய முடிந்திருந்த சம்பந்தம் தட்டிப்போனது. மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாமல் நடக்கும் காரியத்துக்கு ஒரு காரணம் இருந்துதானே ஆகவேண்டும்? அன்று சாயங்காலம் துணி எடுக்க மாடிக்கு வந்த அந்த அம்மா, தன் கொடிக் கம்பியில் ஒரு கூடாரம் தொங்குவதைக் கண்டார். குனிந்து உள்ளே பார்த்தார். சாம்பல் கோடு, குறுக்குக் கோடு, புள்ளி, உச்சியில் சாணி, சாணியில் புல். டீச்சர் வீட்டுக்காரர் தெருவில் மாட்டுக்குப் பின்னால் பையோடு நின்றதும் நினைவுக்கு வந்திருக்கும். சாம்பலை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். அடுப்புச் சாம்பலா, சுடுகாட்டுச் சாம்பலா என்று தெரிந்துகொள்ளத்தான். முகர்ந்தால் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் காவல் இடத்துக்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் ஒரு முறுக்கு.

"பாப்பா, மேல உங்க அப்பா என்னடா பண்றாங்க?"

"நெல்லு காயப்போடுறாங்க."

"அது தெரியுதுடா. சாம்பல்ல என்னமோ எழுதுறாங்களே, அது என்ன?"

நான் முறுக்கைப் பார்த்தேன். "சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காங்க."

"ஏன் சொல்லக் கூடாதாம்?"

"சொன்னா பலிக்காது" என்றேன். ரகசியங்களுக்குப் பொதுவாக அதுதான் காரணம் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த அம்மா முறுக்கை என் கையில் வைக்கவில்லை. எழுந்து கீழே போய்விட்டார். போகும்போது சேலைத் தலைப்பால் தன்னை மூன்று முறை சுற்றி உதறிக்கொண்டதை நோட்டில் குறித்தேன். நேரம் ஐந்து இருபது. அப்பாவிடம் காட்டினேன். "பார்த்தியா, மடியில நெல்லு" என்றார் அப்பா. மேலே போகாமல் மடிக்கு எப்படி நெல் வரும் என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

நெல் வியாழக்கிழமையே காய்ந்துவிட்டது. பல்லில் வைத்துக் கடித்தால் 'டக்'கென்று உடைந்தது. மூட்டை கட்டியிருக்கலாம். ஆனால் திருடன் பிடிபடாமல் எப்படிக் கட்டுவது? அம்மா இரண்டு முறை கேட்டாள். "இன்னும் ரெண்டு வெயில் காயட்டும்" என்றார் அப்பா.

மாசி 10, ஞாயிறு, காலை எட்டு மணி. அப்பாவும் நானும் மாடிக்குப் போனபோது வீட்டுக்காரம்மா ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். கூடவே கையில் பித்தளைச் செம்பும் வேப்பிலையுமாக ஒரு கோயில் பூசாரி. கூடாரம் அவிழ்ந்து கிடந்தது. பின்னாலேயே சத்தம் கேட்டு அம்மா தலையை முடிந்தபடி ஓடிவந்தாள்.

"டீச்சர், உங்களை நான் தங்கச்சி மாதிரிதானே நினைச்சேன்?" என்றார் வீட்டுக்காரம்மா. "எம்பொண்ணு உங்களுக்கு என்ன பண்ணுச்சு? ஆம்பளை இல்லாத வீடுன்னுதானே இந்தத் தைரியம்?"

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னக்கா சொல்றீங்க?"

"உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க. சாம்பல், சாணி, கோடு! வீட்டுக்கு மேல வச்சிருக்காரு பாருங்க செய்வினை! உங்க பாப்பாவே சொல்லுச்சு, சொன்னா பலிக்காதாம்!"

அம்மா என்னைப் பார்த்தாள். பூசாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, நெல் முழுவதையும் கொண்டுபோய் ஆற்றில் கரைத்துவிட வேண்டும், வேறு வழியில்லை என்றார்.

"ஆத்துல கரைக்கிறதோ கடல்ல கரைக்கிறதோ, எனக்கு அது வேண்டாம்" என்றார் வீட்டுக்காரம்மா. "மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடுங்க."

எனக்கு அம்மா சொன்ன ஹாஸ்டல் நினைவுக்கு வந்தது. அம்மா அப்பாவையே பார்த்தாள். ஈரத் தலையணையை அடுக்கும்போது பார்த்த அதே பார்வை. அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். எனக்குத் தெரிந்த அந்த ஒரு வார்த்தையை அவர் ஏன் சொல்லாமல் நிற்கிறார் என்று நான் தவித்தேன். "அது வந்துங்க..." என்றார். அவ்வளவுதான். இது செய்வினை இல்லை என்று சொல்லலாம். அப்படியானால் என்ன என்று அடுத்த கேள்வி வருமே. அதற்குப் பதிலை அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த நேரத்தில் துவைத்த துணி வாளியோடு காலேஜ் சார் மேலே வந்தார். லுங்கியை வழக்கம்போல மடித்துக் கட்டியிருந்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு நெல்லைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குவியலின் அருகே வந்து குந்தினார். கோட்டின்மீது விரலை, தொடாமல், காற்றிலேயே ஓட்டிக்கொண்டு போனார். ஒரு புத்தகத்தை வாசிப்பதுபோல.

"அம்மா, இது செய்வினை இல்லீங்க" என்றார், தலையைத் தூக்காமல்.

"பின்ன என்ன சார் இது?"

"களத்துக் குறி. நெல்லைக் குவிச்சு வச்சா, சாயங்காலம் இப்படிப் போட்டு வைப்பாங்க. ஒரு கை அள்ளுனாலும் கோடு உடைஞ்சிரும். காலையில வந்து பார்த்தாத் தெரிஞ்சிரும்."

"என்ன தெரிஞ்சிரும்?"

"யாரோ கை வச்சிருக்காங்கன்னு."

வீட்டுக்காரம்மா எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். "இந்த மாடிக்கு வர்றது நாம மூணு வீடுதானே? யாரு வைப்பா கை?"

பூசாரி செம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்க ஊருலன்னா எங்க ஆளுங்கதான்" என்று காலேஜ் சார் சிரித்தார். "இங்க யாருன்னு நீங்க டீச்சர் வீட்டுக்காரரைத்தான் கேக்கணும்."

எனக்கு வந்த நிம்மதியில் நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்காரம்மாவுக்கு முதலில் கோபம் வந்தது. "என்னையா சார் திருடின்னு நினைச்சீங்க?" என்று அப்பாவைக் கேட்டார். ஆனால் அந்தக் கோபம் பாதி தூரம்தான் போனது. மகளுக்கு யாரும் எதுவும் செய்துவிடவில்லை என்ற எண்ணம் அதற்குள் அவர் முகத்தில் பரவிவிட்டது. திருட்டுப் பட்டம்தானே, செய்வினையைவிடத் தேவலை. "நான்தான் விரலை வச்சுப் பார்த்தேன். எலுமிச்சம்பழமும் நான்தான். பயந்துட்டேன் டீச்சர்" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு காலி செய்யும் பேச்சு அத்தோடு போயிற்று. பூசாரிக்குக் கீழே காபி கொடுக்கப்பட்டது. அம்மாவும் அவர்களோடு இறங்கினாள். இறங்குவதற்கு முன்னால் அப்பாவைப் பார்க்கவில்லை.

மாடியில் நாங்கள் மூவர் மிஞ்சினோம். காலேஜ் சார் இன்னும் குந்தியிருந்தார்.

"இது குடவாசல் பக்கத்துக் குறிங்களா? எங்க பக்கம் நாலு மூலைக்கும் வட்டம் போடுவாங்க."

"உங்களுக்கு..." என்று தொடங்கினார் அப்பா. "உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"எங்க அப்பா பண்ணைக் களத்துல காவல் படுக்குறவருங்க. காவக்காரருக்கும் சேர்த்துத்தானே குறி."

சொல்லிவிட்டு எழுந்தார். குந்தியிருந்ததில் லுங்கி மடிப்பில் நெல் ஒட்டியிருந்திருக்க வேண்டும். அப்பாவுக்கு எதிரில் வந்து நின்று, மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டு, நிதானமாக இரண்டு தடவை உதறினார். நாலைந்து நெல் மணிகள் தரையில் விழுந்து உருண்டன.

"சரிங்களா?" என்றார்.

அப்பா தலையை ஆட்டவில்லை. எங்கேயோ பார்க்கவும் இல்லை. தரையில் கிடந்த அந்த நெல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்களைக் காப்பாற்றிய மனுஷருக்கு நான் ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. "சுணை அரிக்குதா சார்? தேங்காய் எண்ணெய் தடவினா போயிடும். எங்கம்மா எனக்கு அதான் தடவும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து என் தலையில் கை வைத்தார். "அப்படியா பாப்பா? எங்கம்மாவுக்கு இது தெரியாமப் போச்சே." வாளியை எடுத்துக்கொண்டு, துணியைக் காயப்போடாமலே கீழே இறங்கிவிட்டார்.

அன்று மத்தியானத்துக்குள் அப்பா ஆறு மூட்டையையும் கட்டித் தைத்துவிட்டார். தரையில் விழுந்த அந்த நாலைந்து மணியை மட்டும் கடைசிவரை கூட்டவில்லை. நானே பொறுக்கப் போனபோது, "விடு ஆயி" என்றார். மீந்திருந்த சாம்பலைத் தண்ணீர்க் குழாயடியில் கொட்டினார். அந்த நாளின் தாளைத்தான் நான் நம்பவில்லை என்று முதலில் சொன்னேன். அதன் பின்பக்கத்தில் 'நல்ல வெயில்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. வேறு வரி இல்லை. அத்தனை பேர் மாடிக்கு வந்த நாளில், யார் வந்தார்கள் என்றோ, எதற்கு வந்தார்கள் என்றோ ஒரு வார்த்தை கிடையாது.

சாயங்காலம் ஒரு சின்னக் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயை ஊற்றி, அம்மாவுக்குத் தெரியாமல் இன்னொரு கிண்ணத்தால் மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஊரில் இருப்பதாக நான் நினைத்துக்கொண்ட காலேஜ் சாரின் அம்மாவுக்குக் கொடுத்தனுப்பலாம் என்று எண்ணம். வாசற்கதவருகே அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டிலிருந்து ஒரு தீப்பெட்டி வெளியே போனாலும் எங்கே, யாருக்கு, எதற்கு என்று மூன்று கேள்வி கேட்பவர். என் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தார். எழுந்து, பூதக் கண்ணாடித் துளை வழியே பார்க்காமல், தாழ்ப்பாளை விலக்கிக் கதவைத் திறந்துவிட்டார். ஒன்றுமே கேட்கவில்லை.

திருட்டு எதுவும் நடக்கவில்லை என்று தெரிந்துவிட்டதில் அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டே, எண்ணெய் தளும்பாமல் எதிர்வீட்டுக்கு நடந்தேன்.